உதிரி கேட்காத வாடிக்கையாளர்

— தொட்டி இருபது லிட்டர்னா விட்டுடுவ. இது இருபத்திரெண்டு. மேல ரெண்டே ரெண்டு லிட்டர். அதுக்காக ஏழு மாசமா என்னை இந்தப் படி ஏற வச்சிருக்கியே அக்கா, உனக்கே இது அடுக்குமா?

— லிஃப்ட் இருக்கு. கோவத்துல படியேறி வர்றது நீ. மொதல்ல உக்காரு.

— உக்கார நேரமில்ல. கீழ லாரி நிக்குது. அறுபது மிஷின், அறுபது மரப்பெட்டி. மூணு மணிக்கு துறைமுகத்துல கேட்டைச் சாத்திடுவான். ஒரு கையெழுத்துக்கா. முழுப்பேர் கூட வேணாம், ஒரு சுழி சுழிச்சா போதும்.

— லைசென்ஸ் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே லாரியில ஏத்திட்டியா?

— ஏத்திட்டு வந்து நின்னா அக்கா மனசு இளகும்னு நெனச்சேன்.

— அக்கா வீட்டுல இருக்கா. இங்க உக்காந்திருக்கறது ஏற்றுமதி அனுமதி அதிகாரி.

— வீட்டுக்கு வந்தா ‘ஆபீஸ் பேச்சை ஆபீஸ்ல பேசு’ங்கற. ஆபீசுக்கு வந்தா அக்கா வீட்டுல இருக்காங்கற. நான் உங்க ரெண்டு பேரையும் எங்கதான் ஒண்ணா பிடிக்கிறது?

— கத்தாத. அடுத்த ரூம்ல ஆள் இருக்கு.

— இருக்கட்டும், கேக்கட்டும்! செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கிற மிஷின். அதுக்கும் ஏவுகணைக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுறதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா உங்களுக்கெல்லாம்?

— எத்தனை தடவைடா சொல்றது? ஆளில்லாம பறந்து போய், இருபது லிட்டருக்கு மேல தெளிக்கிற எதுவா இருந்தாலும் ஏவுகணைப் பட்டியல்லதான் வரும். மருந்து தெளிக்கிற குழாய்ல விஷத்தையும் தெளிக்கலாம். அதான் ரூல்.

— விளக்குமாத்தால பெருக்கலாம், அடிக்கவும் செய்யலாம். அதுக்கும் லைசென்ஸ் கேப்பியா?

— இந்த வாய்தான் உன் ஃபைலை மூணு தடவை திருப்பி அனுப்புச்சு. பதினாலாவது கேள்விக்கு என்ன எழுதின? ‘இந்தப் பொருளை ஏவுகணையாகப் பயன்படுத்த இயலுமா?’ அதுக்கு உன் பதிலை நீயே படி.

— அது... ஏதோ எரிச்சல்ல எழுதினது.

— படி.

— ‘எறிந்தால் செருப்பும் ஏவுகணைதான்.’

— மேலதிகாரி அதைச் சத்தமாப் படிச்சாரு. எட்டு பேர் இருந்த கூட்டத்துல. அதுக்கு முந்தின பக்கத்துல நான் என் கைப்பட எழுதி வச்சிருக்கேன், ‘விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த தம்பி’ன்னு. எல்லாரும் ஃபைலைப் பாக்கல, என்னைப் பாத்தாங்க.

— யாரு அதை எழுதச் சொன்னது? உன் பேருக்கும் என் பேருக்கும் இனிஷியல் கூட இப்ப வேற. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது.

— எனக்குத் தெரியுமே.

— ஆமா சாமி. அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு.

— மேடம், டீ. தம்பிக்கும் சேத்துக் கொண்டாந்துட்டேன். சத்தம் வராண்டா வரைக்கும் வந்துச்சு, தொண்டை காஞ்சிருக்கும்னு.

— குடுங்க முத்திரை அண்ணே. இந்த ஆபீஸ்ல மனுஷன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். ஏழு மாசத்துல எத்தனை ஃபைலுக்கு முத்திரை குத்தியிருப்பீங்க? என்னோடதுக்கு ஒரு குத்து குத்தக் கூடாதா?

— மேடம் கையெழுத்துக்குப் பின்னாடிதான் தம்பி என் முத்திரை. முன்னாடி குத்தினா என் வயித்துல குத்துவாங்க. நமக்கெதுக்கு வம்பு. அப்புறம் மேடம், காலைல நீங்க எழுதிக் குடுத்த பதில் பத்தரைக்கே போயிடுச்சு.

— சரி.

— அந்தப் போட்டோவைத்தான் பெருசாக்கி மறுபடியும் அனுப்பியிருக்காங்க. பதில் போனது தெரியாது போல. ஃபைல்ல வச்சிடவா?

— இங்க வச்சிட்டுப் போங்க. கவுத்து வைங்க.

— வச்சாச்சு. டீ ஆறிடும் மேடம், காலைலயும் குடிக்கல நீங்க. வரேன் தம்பி. நமக்கெதுக்கு வம்பு.

— என்னக்கா, உடம்பு சரியில்லையா? கையெல்லாம் ஏன் இப்படி இருக்கு?

— எப்படி இருக்கு?

— நகத்தைப் பாரு, எலி கடிச்ச மாதிரி. போன ஞாயித்துக்கிழமை நீயும் உன் தம்பி பொண்டாட்டியும் மாறி மாறிப் பூசிக்கிட்டீங்களே, கத்திரிப்பூ கலர். அதுக்குள்ள எங்க போச்சு?

— ஆபீசுக்கு எதுக்குன்னு எடுத்துட்டேன்.

— எடுக்கல. சுரண்டியிருக்க. ரத்தம் கட்டியிருக்கு.

— என் நகத்தை விடு. நீ பேச வந்ததைப் பேசு.

— பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல. பேசிப் பேசி எனக்கு நாக்கு தேஞ்சு போச்சு. கடைசியா கேக்கறேன், போடறியா இல்லையா?

— மாட்டேன்.

— சரி. நீயா இப்படிச் சொன்னதால நானும் சொல்றேன். கீழ இறங்கறேன், அறுபது தொட்டியையும் கழட்டி லாரிக்காரன் தலையில வச்சுத் திருப்பி அனுப்பறேன், வெறும் மிஷினை கப்பல்ல ஏத்தறேன். தொட்டி இல்லைன்னா தெளிக்க முடியாது. தெளிக்கலைன்னா உன் பட்டியல்லயே இல்ல. உன் கையெழுத்தும் வேணாம், உன் பதினாலாம் கேள்வியும் வேணாம். போன தடவை அப்படித்தானே போச்சு.

— போன தடவைன்னா?

— அது இப்ப எதுக்கு?

— தம்பி. போன தடவைன்னா என்ன?

— பன்னெண்டு மிஷின். தொட்டி இல்லாம. பில்லுல சுத்தமா எழுதித்தான் அனுப்பினேன், ‘பறக்கும் சட்டகம், தொட்டி இன்றி’. அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லப்போனா யோசனையே உன்னோடதுதான்! மூணாவது தடவை ஃபைலைத் திருப்பி அனுப்பினப்போ வீட்டுல வந்து சண்டை போட்டேனே. அப்ப நீ கரண்டியை வச்சிட்டு என்ன சொன்ன? ‘தொட்டி இல்லைன்னா என்கிட்ட வரவே வேணாம், என் உயிரை வாங்காம போ’ன்ன. போனேன்.

— எரிச்சல்ல சொன்னதுடா அது.

— நான் எரிச்சல்ல எழுதினா பதினாலாம் கேள்வி. நீ எரிச்சல்ல சொன்னா எனக்கு சட்டம். நான் வேற யாரைப் போய்க் கேப்பேன்?

— பட்டியல்ல இல்லாட்டியும், வாங்கறவர் மேல சந்தேகம் இருந்தா கேட்டுட்டுத்தான் அனுப்பணும். ரூல்ல அடுத்த வரியே அதுதான். அந்த வரியை நான் சொல்லாம விட்டுட்டேன்.

— சந்தேகப்பட என்ன இருக்கு? ரெண்டு தடவையும் வாங்கறது ஒரே ஆளுதான், தங்கமான மனுஷன். பழத்தோட்டக்காரர். ஆயிரம் ஏக்கருக்கு மேல வச்சிருக்காரு.

— எழுத்துல இருக்கா?

— வந்துட்டியா! எதைச் சொன்னாலும் ‘எழுத்துல இருக்கா’. பசிக்குதுன்னா கூட எழுத்துல இருக்கான்னு கேப்ப. போட்டோ அனுப்பியிருக்காரு தோட்டத்தை.

— என்ன மரம்?

— ஏதோ மரம். பச்சையா இருந்துச்சு.

— தொட்டி இல்லாத மிஷினை வச்சு அவர் எப்படி மருந்து அடிப்பாரு?

— அங்கயே தொட்டி செஞ்சு மாட்டிக்கறேன்னாரு. அதோட, தொட்டி எடை மிச்சமாகுதே, அந்த எடைக்கு பேட்டரியை ஏத்திக் குடுங்கன்னாரு. தோட்டம் பெருசு, தூரம் போகணும்னாரு. நியாயம்தானே?

— தொட்டியை அவரு மாட்டினா அந்த எடை திரும்ப வந்துடுமே. அப்ப பேட்டரி எடை எங்க போகும்?

— அது... அவரு கணக்கு அவருக்கு.

— உனக்கு அது தோணலையா?

— அக்கா, பட்டறையில வேலை செய்யற ஒம்போது பேர் மூணு மாசமா சும்மா உக்காந்து பழைய மிஷினைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. அப்ப ஒருத்தர் வந்து, நீ செஞ்சதை அப்படியே குடு, பன்னெண்டு குடுன்னு கேக்கறாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. தோணறதுக்கு எங்க நேரம்?

— சரி. வரிசையா சொல்லு. பன்னெண்டும் போனது எப்போ?

— நாலு மாசம் ஆச்சு.

— அதுக்கப்புறம் அவர் என்ன குறை சொல்லி போன் பண்ணாரு?

— ஒண்ணுமில்ல! அதைத்தான் சொல்ல வரேன். நாலு மாசத்துல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. உன் மேலதிகாரிகிட்ட போய்ச் சொல்லு. ஒவ்வொரு திருகையும் முறுக்கினப்புறம் உன் தம்பி பொண்டாட்டி உக்காந்து அதே கத்திரிப்பூ நகப்பாலிஷால குறுக்க ஒரு கோடு போடுவா. திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். அப்படி ஒரு வேலை.

— உள்ளூர்ல உன்கிட்ட வாங்கினவங்க?

— அவங்களைக் கேக்காத. விடிஞ்சா போன். நாஸில் அடைச்சுக்கிச்சு, இறக்கை ஒடிஞ்சு போச்சு, மரத்துல மாட்டிக்கிச்சு, ஆடு மிதிச்சிடுச்சு. ஒருத்தர் கிணத்துலயே விட்டுட்டாரு. பட்டறையில பாதி நாள் இறக்கை செய்யறதுதான் பொழப்பு.

— அவங்ககிட்ட மொத்தம் எத்தனை மிஷின்?

— ஏழு.

— ஏழு மிஷினுக்கு விடிஞ்சா போன். பன்னெண்டு மிஷினுக்கு நாலு மாசத்துல ஒரு போன் கூட இல்ல.

— அவர் ஆளுங்க பதவிசா ஓட்டறாங்க போல.

— ஒரு இறக்கை?

— கேக்கல.

— மோட்டார்? சார்ஜர்? ஒரு திருகு?

— கேக்கலக்கா. ஏன் இப்படி வக்கீல் மாதிரி...

— இப்ப மட்டும் அறுபது கேக்கறாரு. முன்ன வாங்கின பன்னெண்டு எங்கன்னு நீ கேட்டியா?

— ஓடிக்கிட்டிருக்கும்.

— ஓடறது தேயும்டா. நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த, எவ்ளோ நல்லா ஓட்டினாலும் மாசத்துக்கு ரெண்டு ஜோடி இறக்கை போயிடும்னு? தேயற சாமானை வச்சிருக்கறவன் உதிரி கேப்பான். கேக்கலைன்னா என்ன அர்த்தம்?

— என்ன அர்த்தம்?

— மிஷின் திரும்பி வந்தாத்தான்டா உதிரி கேப்பாங்க.

— நீ... நீ என்னக்கா சொல்ற? எனக்குப் புரியல.

— அந்தப் போட்டோவைத் திருப்பிப் பாரு.

— இது என்ன? கரிக்கட்டை மாதிரி.

— ஒரு ஊர்ல தண்ணி பிடிக்க வரிசையில நின்னிருக்காங்க. பக்கத்துலயே பம்ப் ரூம். அதைக் குறிவச்சு ஒரு மிஷின் குண்டோட வந்து விழுந்திருக்கு. பதினோரு பேரு போயிட்டாங்க. பொறுக்கின துண்டுகளைப் போட்டோ எடுத்து, இது உங்க நாட்டுல செஞ்சதான்னு எல்லா நாட்டு ஆபீசுக்கும் அனுப்பியிருக்காங்க. எங்க ஆபீசுக்கு நேத்து சாயங்காலம் வந்துச்சு.

— அதுக்கும் எனக்கும் என்ன? கருகின தகடு, எவன் பட்டறையில வேணா அடிச்சிருப்பான். நான் தெளிக்கிற மிஷின் செய்யறவன். என்னைப் போய்...

— மூலையில திருகு இருக்கு பாரு. கிட்ட வச்சுப் பாரு.

— திருகு எல்லா மிஷின்லயும்தான் இருக்கும்.

— அது மேல?

— ...கோடு.

— என்ன கலரு?

— அக்கா, கோடு நிறைய பேரு போடுவாங்க. எல்லாப் பட்டறையிலயும் போடுவாங்க. சத்தியமா.

— செவப்புல போடுவாங்க. மஞ்சள்ல போடுவாங்க. கோட்டு நுனியில என்ன இருக்கு?

— புள்ளி.

— ம்.

— இரு. இரு, நான் ஒரு போன் பண்றேன். ...ஏய், நான்தான். ...அதெல்லாம் அப்புறம் சொல்றேன். நீ கோடு போட்டுட்டுப் பக்கத்துல ஒரு புள்ளி வைப்பியே, அது எதுக்கு? ...ரெண்டாவது தடவையும் முறுக்கிப் பாத்துட்டேன்னு அடையாளமா? ...யாரு சொல்லிக் குடுத்தது? ...நீயாவா. வேற யாரும் வைக்க மாட்டாங்களா? ...இல்ல, இல்ல, ஒரு குறையும் இல்ல. நல்லா இறுகித்தான் இருக்கு. கழண்டு வரவே இல்ல. ...அழல, படியேறி வந்தேன்ல, மூச்சு வாங்குது. ...அக்காவா? இங்கதான் இருக்கா. சொல்றேன். நீ சாப்பிடு.

— என்ன சொல்லச் சொன்னா?

— ‘அண்ணியோட பாட்டில் தீந்துடுச்சா, பட்டறைப் பாட்டில் பாதி இருக்கு, குடுத்து விடவா’ன்னு கேக்கறா.

— வேணாம்னு சொல்லு.

— பதினோரு பேரா, அக்கா?

— ம்.

— தண்ணி பிடிக்க நின்னவங்களா?

— திரும்பத் திரும்பக் கேக்காதடா.

— ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்லைன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சேன்க்கா. பட்டறையில ஒம்போது பேருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தேன். உன் வீட்டுக்கும் குடுத்து விட்டேனே.

— சாப்பிட்டேன்.

— எங்க என் போன்? கையிலயேதான் இருக்கா... ஹலோ, டிரைவரண்ணே. வண்டியை எடுக்க வேணாம். ...ஆமா, துறைமுகம் போக வேணாம். பட்டறைக்கே திருப்புங்க. ...எல்லாப் பெட்டியும்தான். அறுபதும். ...ஒண்ணு கூட இறங்காது. எண்ணிப் பாத்து விடுங்க.

— நல்லது. மூஞ்சியைத் துடை.

— துடைக்கறேன். துடைச்சிட்டு வா, மேல போவோம்.

— எங்க?

— உன் மேலதிகாரி ரூமுக்கு. நான் சொல்றேன். இது என் பட்டறை, என் தகடு, என் பொண்டாட்டி வச்ச புள்ளி. வாங்கினவன் பேரு, போன் நம்பர், கப்பல் சீட்டு எல்லாம் என்கிட்ட இருக்கு. அவனைப் பிடிக்கட்டும். என்னையும் என்ன செய்யணுமோ செய்யட்டும்.

— உக்காரு.

— உக்கார மாட்டேன். அவன்கிட்ட இன்னும் எத்தனை மிச்சம் இருக்கோ! அடுத்தது எந்த வரிசையில விழுமோ! நீதானே எல்லாத்துக்கும் வாயைத் தொறந்து சொல்லுவ? ‘விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த தம்பி’ன்னு கேக்காமலே எழுதினவ நீ. ஏழு மாசமா அதுக்குத்தான் உன்னைத் திட்டினேன். இன்னிக்குச் சொல்றேன், நீதான் சரி. எழுந்திரு.

— என்னால எழுந்திருக்க முடியலடா.

— ஏன்? நேத்து சாயங்காலமே போட்டோவைப் பாத்துட்ட, புள்ளியைப் பாத்துட்ட. அப்பவே மேல போய்ச் சொல்லியிருப்பன்னு நெனச்சேன். சொல்லலையா?

— ராத்திரி பூரா யோசிச்சேன். கரண்டியை வச்சிட்டு நான் சொன்ன அந்த வார்த்தைதான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. காலைல வந்தேன். மொதல்ல நகத்தைச் சுரண்டினேன்.

— அப்புறம்?

— நீ ஒரே ஒரு கையெழுத்து கேட்ட இல்ல?

— இப்ப எதுக்கு அது? லாரி போயாச்சு.

— நீ கேக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்டா, தம்பி. ‘இப்பொருள் நம் நாட்டில் செய்யப்பட்டதல்ல’ன்னு. எழுத்துல இருக்கு.